நேத்து என்னலே பாத்த?

என் அப்பா ஒரே சாவுச் செய்திக்கு ஒரே நாளில் திரும்பத் திரும்ப அதிர்ந்துபோனவர். காலையில் பேப்பரை விரிப்பார். யாரோ ஒரு பழைய எம்.எல்.ஏ. காலமான செய்தி கண்ணில் படும். "அடப்பாவமே, போயிட்டாரா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். காப்பி வரும். குடித்துவிட்டு மறுபடி பேப்பரை விரிப்பார். "அடப்பாவமே, போயிட்டாரா." மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த எம்.எல்.ஏ. எங்கள் வீட்டில் மட்டும் ஏழெட்டு முறை செத்திருப்பார். அம்மா காரியக்காரி. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பேப்பர் போடுகிறவனை நிறுத்தினாள். பழைய பேப்பர் ஒன்றையே மடித்து மடித்துத் தினமும் காலையில் அப்பாவின் கையில் கொடுத்தாள். அவருக்கு அது தினமும் புதுப் பேப்பர். மடிப்பில் கிழிந்து, எம்.எல்.ஏ.யின் தலை தனியாகவும் உடல் தனியாகவும் வந்த பிறகுதான் வேறு மாற்றினாள்.

இது ஆரம்பித்தபோது அப்பாவுக்கு என்ன வயதோ அந்த வயதில் இப்போது நான் இருக்கிறேன். படிக்கிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

தென்காசியில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற கடை எனக்கு. போர்வெல் வறண்டால்தான் எனக்குச் சோறு. போன வருஷம் கோடை மழை விடாமல் பெய்து என் வயிற்றில் அடித்தது. வானமே சும்மா இறைத்துத் தரும்போது மோட்டார் யாருக்கு வேண்டும்? கடையில் வேலைக்கு ஆள் கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் நானும் போனும்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் போனைக் கையில் எடுத்தால், ஷட்டரை இறக்கும்போதுதான் கீழே வைப்பேன். வீட்டுக்குப் போனால் டிவி.

ஊரில் எனக்குக் கோமாளி என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள், "அவுக தமாசா பேசுவாக" என்பார்கள். துக்க வீடுகளில் என்னைப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. யாருடைய வழுக்கையையும் தொந்தியையும் திக்குவாயையும் நான் விட்டுவைத்ததும் இல்லை. ஆகவே எனக்கு ஒன்று வந்தால் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று தெரிந்தே இருந்தது.

வந்தது ஒரு சாயங்காலம். என் மனைவி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அன்று கடையில் போனில் பார்த்து முடித்த ஒரு படத்தின் கதையைச் சொன்னேன். கதாநாயகியின் அப்பாவை இடைவேளைக்கு முன்னாலேயே கொன்றது பெரிய தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"இந்தப் படத்தைப் பொங்கலுக்கு இதே சோபால இருந்து ரெண்டு பேரும் பாத்தோம். இதே இடத்துல இதே நொட்டைதான் சொன்னிய."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு காட்சி, ஒரு பாட்டு, ஒரு சட்டை கூட நினைவில் இல்லை. அன்று முழுக்கப் புதுப்படம் பார்த்த சந்தோஷத்தில் இருந்தேன். அப்பாவுக்கும் அந்தப் பேப்பர் அப்படித்தானே இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து கடையில் உட்கார்ந்து எனக்கு நானே பரீட்சை வைத்தேன். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸின் நிறுத்தங்களைச் சொல்லிப் பார்ப்பேன். பாவூர்சத்திரம், அடைக்கலபட்டணம், ஆலங்குளம், மாறாந்தை, சீதபற்பநல்லூர். சரியாக வந்தால் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொல்லும்போது, வால்வு வாங்க வந்த ஒருவர் பொறுமையாக நின்று கேட்டுவிட்டு, "ஆலங்குளத்துக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க" என்றார். என் தொழிலை என்னிடமே செய்கிறார்கள் என்று கோபம் வந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் தெரிந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு தாடிக்காரப் பையன் வந்து, யார் வேண்டுமானாலும் புரோகிராம் எழுதலாம், ரொம்ப ஈஸி என்றான். எனக்கு யோசனை தட்டியது. சாயங்காலம் கடை அடைக்கும்போது அன்று என்னென்ன பார்த்தேன் என்று போனில் பதிந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அந்தப் புரோகிராம் என்னிடம் முதல் நாள் பார்த்ததைக் கேட்க வேண்டும். நான் சொல்வதையும் பதிந்ததையும் ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். மூளை கழன்றுகொண்டிருந்தால் மார்க்கில் தெரிந்துவிடும். இவ்வளவுதான்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளிடம் சொன்னேன். "இதுக்கு ஒரு நோட்டு போதுமேப்பா" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியாது. நோட்டில் எழுதினால் மார்க்கை நானே திருத்திவிடுவேன். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? சும்மா பொழுதுபோக்கு என்று சொல்லி வைத்தேன்.

தாடிக்காரப் பையன் ரொம்ப ஈஸி என்று சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பத்து ஹெச்.பி. மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன் ஒரு காற்புள்ளியைத் தேடி மத்தியானம் முழுக்கக் கண்ணீர் விட்டேன். திரையில் சிவப்பாக ஏதாவது வந்தால், இது புரோகிராமின் கோளாறா, என் கோளாறா என்ற சந்தேகம் வேறு. ஒருவழியாக அது ஓட ஆரம்பித்த முதல் நாள், தேதியில் ஒரு நாளைக் கழிக்க வேண்டிய இடத்தில் நான் கூட்டிவிட்டிருந்தேன். "நாளைக்கு என்னலே பாத்த?" என்று கேட்டது. நான் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நாளைக்குப் பார்த்ததை யோசித்தேன். பயத்தில் இருக்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்; பதில் தேட ஆரம்பித்துவிடுவான்.

கேள்விதான் இப்படி என்றால், அது தருகிற பதில்களையும் நானே எழுதிவைத்தேன். கோமாளி கையில் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான். மார்க் நன்றாக இருந்தால், "சரி, இன்னைக்குப் பொழச்ச." சுமாராக இருந்தால், "முழிக்கான் பாரு முழி." பாதிக்குக் கீழே போனால், "பேப்பர்காரனை நிறுத்திரலாமாலே?" இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அது வரவே வராது என்ற தைரியம்.

முதலில் வரவும் இல்லை. வந்தது வேறு அவமானம். நான் உலக அரசியல் பார்க்கிறவன் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு எண்ணம். பதிந்து பார்த்தால், எவனோ அழுக்குக் கம்பளத்தைத் துவைக்கிறதையும், மாட்டுக் குளம்பைச் செதுக்குகிறதையும், துருப்பிடித்த இடுக்கிக்கு எண்ணெய் போடுகிறதையும் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஸ்கூட்டரை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஐந்தருவியைக் கடையில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதற்கு லைக் வேறு போட்டிருக்கிறேன்.

ஆனால் மார்க் நன்றாக வந்தது. கம்பளம், குளம்பு, இடுக்கி, அருவி என்று வரிசையாகச் சொன்னேன். திமிர் ஏறியது. மனைவிக்கும் பரீட்சை வைத்தேன். நூற்றுக்கு நூறு வாங்கினாள். "நான் பாக்குதது ஒரே ஒரு சீரியலு. அதுல தினமும் அதே மாமியா, அதே அழுகை. மறக்கதுக்கு என்ன இருக்கு" என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

ஆனி பிறந்து சாரல் கட்டியது. எங்கள் மூன்று பேருக்குச் சீசனில் தினமும் விடிந்ததும் ஐந்தருவிக் குளியல். ஒருவர் ரோடு காண்ட்ராக்ட் எடுக்கிற அண்ணாச்சி, எங்களுக்கு மூத்தவர், கார் அவருடையது. இன்னொருவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் விட்ட அறையில் இவனுக்கு ஒரு காதின் சவ்வு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் ஒத்தக்காது. வைத்தது நான்தான். அவன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, பெண் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

காதில் தண்ணீர் போனால் சீழ் பிடிக்கும் என்பதால் அவன் அருவியில் குளிப்பதில்லை. ஆனாலும் தினமும் வருவான். குரங்கு தூக்காமல் துணிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதைவிட முக்கியமாகப் போன்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சீசனில் தென்காசிக்காரனின் போன் அவனுடையதே இல்லை. விடிந்ததிலிருந்து மதுரை, சாத்தூர், தூத்துக்குடி என்று உள்ள சொந்தமெல்லாம் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கும்: தண்ணி விழுதா? எடுக்காவிட்டால் மண்டைக்கனம் என்பார்கள். அதனால் காவலுக்கு இருக்கிறவன் எல்லார் போனையும் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். வேண்டிய ஆள் என்றால் விழுகிறது, வாங்க. வந்தால் ஒரு வாரம் தங்குகிற ஆள் என்றால் வெறும் பாறைதான் தெரிகிறது. யாருக்கு எந்தப் பதில் என்பது காவல்காரனுக்கு அத்துப்படி. இதற்காகவே சீசன் முடிகிறவரை நாங்கள் யாரும் போனுக்குப் பூட்டுப் போடுவதில்லை. போடுகிறவனைச் சந்தேகமாகப் பார்ப்போம்.

இப்படிப் பூட்டில்லாத போனை, அதுவும் ரிப்பேர் கடைக்காரன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் அருவிக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். சீசன் தொடங்கிய முதல் நாளே காரில் போகும்போது என் புரோகிராமை இரண்டு பேருக்கும் பெருமையாகக் காட்டி, எங்கே பதிகிறேன், எப்படிப் பதிகிறேன் என்றெல்லாம் பாடம் எடுத்திருந்தேன். எதற்கு எழுதினாய் என்று அண்ணாச்சி கேட்டார். குளிர்ந்த காற்று, நண்பர்கள், வாய் சும்மா இருக்காது. அப்பாவையும் பேப்பரையும் பற்றிச் சொன்னேன், சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னேன். ஒத்தக்காது நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கவனமாகக் கேட்டான்.

வீட்டில் மனைவி கேலி செய்கிறாள் என்பதால் பரீட்சையைக் குளித்து முடித்த பிறகு டீக்கடையில் வைத்துக்கொண்டேன். தலை துவட்டி, மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காப்பியும் சொல்லிவிட்டு, போனை வாங்கி, நேற்றுப் பார்த்ததை ஒவ்வொன்றாக அடிப்பேன். மார்க் வரும். அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு காலை, "முழிக்கான் பாரு முழி" என்றது. விட்டுப்போனது என்னவென்று கீழே காட்டியது: புளியறை செக்போஸ்ட்டில் தேங்காய் லாரி கவிழ்ந்த வீடியோ. எனக்கு அப்படி ஒரு லாரியே நினைவில் இல்லை.

"நீதானலே எழுதுன?" என்று கேட்டான் ஒத்தக்காது.

நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவார்?

மறுநாள் கப்பையும் மீன் குழம்பும் வைக்கிற ஒரு கேரளக்காரி. அதற்கு மறுநாள் பாம்பு பிடிக்கிறவன், செத்துப்போனவன் எழுந்து உட்கார்ந்தது, இன்னும் ஏதோ. எதுவும் எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி பஜ்ஜியில் எண்ணெயை ஒற்றி எடுத்துக்கொண்டே, வயசானால் இப்படித்தான், தனக்கும் சாவியை வைத்த இடம் தெரிவதில்லை என்று ஆறுதல் சொன்னார். சாவியை மறக்கிறவன் தேடுவான். நான் மறந்ததே தெரியாமல் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் அது வந்தது. "பேப்பர்காரனை நிறுத்திரலாமாலே?" நான் எழுதிய வரி. என் அம்மாவின் முகத்தோடு வந்தது. கீழே, விட்டுப்போனதில் ஒன்று: ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கும் கிழவர், இரட்டைக் குட்டி.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. "மறக்கலலே, அடிக்க விட்டுப்போச்சு" என்றேன். "வெள்ளை ஆடு. ஒரு காது மட்டும் கருப்பு. அந்தக் கிழவரு கைலிய மடிச்சுக் கட்டிட்டு, கையில வெளக்கெண்ணெய் தேச்சிட்டுல்லா பாக்காரு."

ஒத்தக்காது காப்பித் தம்ளரை வாயருகே வைத்தவன் குடிக்கவில்லை. அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"குட்டி ரெண்டும் பொழச்சுதா வே?"

"ஒண்ணு போயிட்டு அண்ணாச்சி. தாயாடு அதையே நக்கிட்டு நின்னுது."

சொல்லும்போதே என் கண் கலங்கியது. அண்ணாச்சி எழுந்து அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். என் நிலைமைக்காக வருந்துகிறார் என்று நினைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் அம்மாவோடு ஒரே சமையலறையில் இருந்தவள். எது எப்படி முடியும் என்று பார்த்தவள்.

"அத்தையை மாதிரி என்னால முடியாது. இப்பமே சொல்லிட்டேன்" என்றாள். பிறகு கொஞ்சம் இளகி, புத்தி தெளிவாக இருக்கும்போதே கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிடலாம் என்றாள். ஆடி கழியட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. எனக்கு வாதாடவும் தெம்பில்லை. தப்பான மோட்டாரைத் தப்பான கிணற்றுக்குக் கொடுத்து எவன் வயலையாவது கெடுத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கே இருந்தது.

மச்சினன் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு தக்காளி மண்டியில் சீட்டு எழுதுகிறவன். என் கடை மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். செய்தி கேட்ட அன்றே தேய்த்த சட்டையில் வந்து நின்றான். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காதருகே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னான்: "அத்தான். நீங்க. ரெஸ்ட். எடுங்க." எனக்கு மறதி என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். செவிடு என்று அவன் சேர்த்துக்கொண்டான். பிறகு அலமாரிகளை அளந்து பார்த்தான். நான் எந்தெந்தக் கம்பெனி சரக்கு வைத்திருக்கிறேன் என்று என்னைக் கேட்காமல் என் மனைவியைக் கேட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அண்ணாச்சியிடமும் ஒத்தக்காதிடமும் அடுத்த வாரம் டீக்கடையில் சொன்னேன். கோமாளிக்கும் ஒரு கம்பீரம் வேண்டும் அல்லவா, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கடையை விடுகிறேன். பெரிசாக வருத்தம் ஒன்றும் இல்லை. நான் உங்களை அடையாளம் தெரியாமல் பார்க்கிற நாள் வந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லி முடிக்கவில்லை, ஒத்தக்காதுக்கு மூக்கு வழியாகக் காப்பி வந்தது. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். பக்கத்து மேஜைக்காரர்கள் அவனுக்கு வலிப்பு என்று நினைத்து எழுந்தார்கள்.

"ஆடும் இல்ல, லாரியும் இல்லலே" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ அருவிக்குள்ள நிக்கும்போது நான்தான் தினமும் எழுதுனேன். அண்ணாச்சிதான் என்ன எழுதணும்னு சொல்லுவாரு. பாம்பு அவரு ஐடியா. ஆடு என்னுது."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் என்னைய ஒத்தக்காதுன்ன. என் பொண்டாட்டி வீட்ல இன்னைக்கும் அதுதான் பேரு" என்றான் அவன். இப்போது சிரிக்கவில்லை. "நான் ஒரு மாசந்தான் விளையாண்டேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. உடம்பு முழுக்க இலேசாகி, அவனைக் கட்டிப்பிடித்து அவனுடைய கெட்ட காதில் முத்தம் கொடுத்தேன். டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் என் கணக்கில் பஜ்ஜி சொன்னேன். நான் நல்லா இருக்கேன் என்று பஜ்ஜி போடுகிறவரிடம் சொன்னேன். அவர் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், சந்தோஷம் என்றார்.

காரில் திரும்பும்போது அண்ணாச்சிதான் ஓட்டினார். மேலகரம் தாண்டியதும் கேட்டார்.

"அது சரி வே. ஒரு காது கருப்புன்னீரே. அதை எங்கன பாத்தீரு?"

சும்மா அடித்துவிட்டேன் அண்ணாச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் நான் அடித்துவிடவில்லை. சொல்லும்போது அந்த ஆடு கண்ணுக்கு முன்னால் நின்றது. இப்போதும் நிற்கிறது. கிழவரின் கைலி ஊதாக் கட்டம் போட்டது. நான் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இல்லாத வீடியோவில் செத்துப்போன இல்லாத குட்டிக்கு நான் அழுதிருக்கிறேன். அப்பாவாவது நிஜமாகவே செத்த எம்.எல்.ஏ.வுக்கு அழுதார்.

பின் சீட்டில் ஒத்தக்காது ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

மனைவியிடம் ஆட்டையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"உங்களுக்கு மறதி இல்ல. புளுகுதான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அந்தமான்ல கப்பல் முங்குனதை நேர்ல பாத்தேன்னு எங்க அப்பாகிட்ட அழுதுட்டே சொன்னிய. செங்கோட்டையைத் தாண்டாத ஆளு."

இதைவிட நல்ல சர்டிபிகேட் எந்த டாக்டரும் தந்திருக்க மாட்டார். மூளை கெட்டுப்போகவில்லை, ஆள்தான் ஆதியிலிருந்தே கெட்டவன். அதைப் பிடித்துக்கொண்டேன். அன்றே புரோகிராமை அழித்தேன். எழுத இரண்டு மாதம் பிடித்தது, அழிக்க ஒரு தட்டு. சாவி கிடையாது என்று மச்சினனுக்குச் சொல்லி அனுப்பினோம். அவன் புதிதாக அடித்துவைத்திருந்த விசிட்டிங் கார்டுக் கட்டோடு வந்து, அத்தானுக்குத் தெளிந்தது எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனான்.

ஆனால் பாவூர்சத்திரம் மார்க்கெட் என்பது சாதாரண இடம் இல்லை. சுற்றுப்பட்டில் தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய் போடுகிற அத்தனை சம்சாரியும் அங்கேதான் மூட்டையை இறக்குகிறான். அந்த அத்தனை பேரும்தான் என் கடைக்கு மோட்டார் வாங்க வருகிறவர்கள். மச்சினன் அந்த ஒரு வாரமும் சீட்டு எழுதும்போது ஒவ்வொருவரிடமும் அத்தானின் மறதியைச் சொல்லி, ஆவணியிலிருந்து கடைக்குத் தன்னிடம் வரச் சொல்லியிருக்கிறான். இப்போது ஊரெல்லாம் தெரியும்.

அது நண்பர்கள் செய்த கூத்து என்று நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என் வாழ்நாளிலேயே நன்றாகச் சொன்ன கதை அதுதான். அருவி, குரங்கு, ஒத்தக்காது, ஆடு என்று நடித்தே காட்டுவேன். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சரி அண்ணாச்சி, சரி" என்பார்கள். இல்லாத ஆட்டைப் பார்த்தேன் என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொன்னால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முன்பெல்லாம் நான் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராக இருந்த முகங்கள், இப்போது நான் சாதாரணமாகப் பேசினாலும் இரக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன. ஒருவருடைய தொந்தியைக் கிண்டல் செய்தேன். அவர் என் மனைவிக்குப் போன் பண்ணி, பாத்துக்கிடுங்க தாயி என்றாராம்.

பிறகு, நேற்றுச் சொன்னீர்களே என்று ஆரம்பித்தார்கள். நேத்து பைப்பைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்னு சொன்னியளே. போன வாரம் ஸ்டார்ட்டர் சும்மா தாறேன்னியளே. முதலில் திட்டி அனுப்பினேன். திட்டும்போது அவர்கள் முகத்தில் வருகிற பொறுமையைப் பார்த்தால் என் குரல் தானாக இறங்கிவிடும்.

போன மாதம் அச்சன்புதூரிலிருந்து ஒரு சம்சாரி வந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு மோட்டாரை இறக்கிக் கல்லாவுக்கு முன்னால் வைத்தார். உள்ளே காயில் கம்பி கருகி நாற்றம் அடித்தது. வெளியே லேசாகத் தூறல்.

"நேத்து வந்தேம்லா அண்ணாச்சி. கொண்டாரும், புதுசு மாத்தித் தாறேன்னியளே."

கருகிய மோட்டாரை மாற்றித் தருகிறவன் உலகத்தில் எவனும் இல்லை. இவர் சொல்வது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். திறந்ததும், நேற்றைக்கு உள்ளே போய்த் தேடிப் பார்த்தேன். ஒரு தடவை தேடிவிடலாம் என்றுதான். அங்கே அவர் நின்றார். இதே இடத்தில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்த காலோடு. நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன். என்ன சொன்னேன் என்பதுகூடக் காதில் விழுந்தது.

பார்த்ததற்குத்தான் புரோகிராம் எழுதினேன். சொன்னதற்கு எழுதவில்லை. எழுதியதும் போய்விட்டது. கடையில் சாட்சிக்கு ஒரு ஆள் இல்லை.

"நேத்து தலையில துண்டு போட்டிருந்தீரோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆமா அண்ணாச்சி. துண்டுதான் போட்டிருந்தேன்" என்றார்.

புதுப் பெட்டி மேல் தட்டில் இருந்தது. ஏணியை எடுத்துச் சாய்த்தேன். அவர் ஓடி வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியோடு இறங்கும்போது, என் முகத்தைப் பார்த்துச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பாத்து. மெதுவா. இறங்குங்க."